பெண்ட்ஸே தாயியும் தெற்கு ஓரத்து வயல்களும்

நீலிமா பெண்ட்ஸேயை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அவருடைய கண்கள் மட்டும்தான் தெரியும். புனேயில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் எல்லோரையும் போல அவரும் துப்பட்டாவைத் தலையிலிருந்து கழுத்துவரை இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு அலுவலக வாசலில் வந்து நிற்பார். காவலாளி அந்தக் கண்களைப் பார்த்தே கதவைத் திறந்துவிடுவார். கண் சுருங்கியிருந்தால் அன்று யாரும் அவரிடம் சந்தேகம் கேட்கப் போகக்கூடாது என்று எங்களுக்கும் சொல்லி அனுப்புவார்.

வயது நாற்பத்தைந்து. புனேயின் சதாசிவ் பேட்டையில் பிறந்தவர். கணக்கில் இளங்கலை. கணினியைத் தானாகவே கற்றுக்கொண்டார். கணவர் வங்கியில் இருக்கிறார், மகள் டேபிள் டென்னிஸ் ஆடுகிறாள். செய்தித்தாளில் வரும் குறுக்கெழுத்தைப் பேனாவால்தான் நிரப்புவார். பென்சிலால் நிரப்புவது கோழைத்தனம் என்பார். அலுவலகத்தில் அவரைவிடச் சின்னவர்கள் எல்லோருக்கும் அவர் 'தாயி'. மராத்தியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

கோத்ருட் பகுதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். நாங்கள் விற்பது கணினிக்கு ஒரு பூட்டுப் பெட்டி, மென்பொருள்தான். அதில் எந்தக் கோப்பைப் போட்டாலும் அது தானாகப் பூட்டிக்கொள்ளும், அதாவது வேறு யாராவது கணினியின் வட்டைத் திருடிக்கொண்டு போனால் அவர்களுக்கு வெறும் இரைச்சல்தான் தெரியும். உரியவர் திறந்தால் பூட்டு தானாகத் திறந்து கோப்பு சரியாக வரும். இந்தப் பூட்டுதல், திறத்தல் இரண்டையும் செய்வது வட்டுக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் என்கிற நிரல். பதினாறு வருடமாக அந்த டிரைவருக்குப் பொறுப்பு தாயிதான்.

அறிவிப்புப் பலகை எழுதுவது புனேக்காரர்களுக்குப் பிறவிக் குணம். தாயியும் விலக்கல்ல. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் நாற்காலியிலேயே தூங்குவார். அப்போது மேசைமேல் ஒரு அட்டை நிற்கும்: "தூக்கம் நடக்கிறது. தீப்பிடித்தால் எழுப்பவும். சிறிய தீ என்றால் நீங்களே அணைத்துவிடவும்."

எங்கள் சோதனை மேசைக்கு மேலே இருந்த அட்டைதான் முக்கியமானது. "கோப்புக்குக் கூட்டெண் போட்டுப் பார்க்காமல் என்னிடம் வராதீர்கள். பார்த்த பிறகும் வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை."

கூட்டெண் என்பது ஒரு சோதனை. ஒரு கோப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்து, முடிவில் ஒரு நீளமான எண்ணைக் கொடுக்கும். அசல் கோப்புக்கும் நம்மிடம் இருப்பதற்கும் அந்த எண் ஒன்றாக இருந்தால் கோப்பு கெடவில்லை என்று அர்த்தம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் நகலெடுக்கும்போதே கெட்டுப்போன கோப்பை அனுப்பிவிட்டார். அது தெரியாமல் தாயியும் மற்றவர்களும் பதினோரு நாள் டிரைவரைக் குடைந்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் தாயி அந்த அட்டையை எழுதி மாட்டினார். அன்றிலிருந்து எந்தப் புகார் வந்தாலும் முதலில் கூட்டெண், பிறகுதான் மற்றதெல்லாம். சோதனைகளைத் தானாக ஓட்டும் நிரலிலும் முதல் வரி அதுதான்.

கொல்ஹாபூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சர்க்கரை ஆலையின் புகார் வந்தபோதும் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அந்த ஆலைக்கு ரணஜித் சௌகுலே என்று ஒருவர் கரும்பு வயல்களின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்துக் கொடுக்கிறார். நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டி ஒரே பெரிய படமாக ஆக்கினால், யார் வயலில் எவ்வளவு கரும்பு என்று அளந்து அரவைப் பட்டியலில் சேர்த்துவிடலாம். அந்தப் பெரிய படத்தை எங்கள் பெட்டியில் வைத்திருந்தார்கள். புகார் இதுதான்: சாயங்காலம் படம் நன்றாக இருக்கிறது, மறுநாள் காலையில் திறந்தால் தெற்கு ஓரம் முழுக்க மிளகுப்பொடி தூவியதுபோல் ஆகிவிடுகிறது. நாற்பத்தோரு வயல்களைக் காணோம்.

படத்தை வரவழைத்தோம். கூட்டெண் போட்டோம், சரியாக இருந்தது. படத்தைத் திறந்தோம், நாற்பத்தோரு வயல்களும் பச்சைப் பசேலென்று இருந்தன. 'எங்கள் பக்கத்தில் பழுது இல்லை' என்று தாயி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று வாரத்தில் அதே புகார் மறுபடி வந்தது. அதே சோதனை, அதே பதில், அதே கையெழுத்து.

மூன்றாவது தடவை புகார் எழுத்தில் வரவில்லை. சௌகுலே தொலைபேசியில் கூப்பிட்டு, யார் கையெழுத்துப் போட்டார்களோ அவர்களிடம் பேசவேண்டும் என்றார். தாயியிடம் கொடுத்தோம்.

ஆலையின் கரும்பு அதிகாரி மானே சாஹேப் இரண்டு கடிதங்களையும் படித்துவிட்டாராம். பெட்டி சரி, கோப்பு சரி என்றால் கெட்டது சௌகுலேதான் என்று முடிவு கட்டிவிட்டாராம். தெற்கு ஓரத்தில் நாய்த்தொல்லை. அதற்குப் பயந்து அங்கே போகாமலே பழைய படத்தை ஒட்டுகிறான், காலையில் குட்டு வெளிப்படுகிறது என்பது அவருடைய கணிப்பு. திங்கட்கிழமை ஆலைக் குழு கூடுகிறது. அன்று இந்த வேலையைச் சாங்லியிலிருந்து வரும் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டுச் சௌகுலேயை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

தாயி வழக்கம்போல, கோப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

"கோப்பு சரியா இருக்கு தாயி. பெட்டியும் சரியா இருக்கு. நானும் சரியாத்தான் இருக்கேன்" என்றார் சௌகுலே. "அப்ப வயலெல்லாம் எங்க போச்சு? அதை மட்டும் சொல்லுங்க, நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

நேரில் வந்து பார்க்கிறேன் என்றார் தாயி. எங்களுக்குத் தெரிந்து அது முதல் தடவை.

எங்கள் மேலாளர் லிமயேவுக்குக் கொல்ஹாபூர் போவதில் உடன்பாடு இல்லை. இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது, மூன்றாவது தடவையும் அதே கடிதத்தைத் தேதி மாற்றி அனுப்பினால் போதும் என்றார். தாயி, என் கையெழுத்தால் ஒருத்தர் வேலை போகிறது, ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினார். சோதனை மேசையிலிருந்து நானும் போனேன். ஸாதாரா தாண்டும்வரை தாயி குறுக்கெழுத்துப் போட்டார். பேனாவால்தான்.

சௌகுலேவுக்கு முப்பது வயது இருக்கும். வெயிலில் அலைந்து கறுத்திருந்தார். அவருடைய அறை ஆலை வளாகத்தில் எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்தது. மானே சாஹேபும் அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புனேயிலிருந்து ஆள் வந்து சௌகுலேயின் கள்ளத்தனத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறார்கள் என்று அவர் எதிர்பார்த்ததுபோல் இருந்தது.

சௌகுலே படத்தைத் திறக்கப் போனார். தாயி தடுத்து, முதலில் கூட்டெண் என்றார். நான் போட்டேன். ஐந்து ஜி.பி. படம், கொஞ்ச நேரம் பிடித்தது. எண் சரியாக வந்தது. இப்போது திறங்கள் என்றார் தாயி. திறந்தால் தெற்கு ஓரம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. மானே சாஹேப் சௌகுலேயைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். கூட்டெண், படம். தெளிவாக இருந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவையும் தெளிவு.

"பார்த்தீங்களா மேடம், உங்க முன்னாடி எல்லாம் ஒழுங்கா நடக்குது" என்றார் மானே சாஹேப். "ஆள் பார்த்து வேலை செய்யுது இவன் மாதிரியே."

சௌகுலே எழுந்தார். மணி ஒன்றாகிவிட்டது, சாப்பிடலாம் என்று அழைத்தார். புனேயில் விருந்தாளியைப் பார்த்ததும், சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தீர்கள் என்று கேட்பது வழக்கம். இங்கே பேச்சே கிடையாது, தட்டு வந்துவிட்டது. முளைகட்டிய பயறில் காரமாகச் செய்த மிசளின் மேல் சிவப்பாக எண்ணெய் மிதந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்ததும் தாயியின் கண்ணில் தண்ணீர் வந்தது. பருப்பில் வெல்லம் போடுகிற ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான் என்று சௌகுலே மெதுவாகத் தயிரை நகர்த்தி வைத்தார். வேலை போகப்போகிற மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பிறகு அவர் பொதுவாக ஒரு கதை சொன்னார்.

"எங்க மாமா ஒருத்தர் பைக் மெக்கானிக் தாயி. காலையில வண்டி கிளம்ப மாட்டேங்குதுன்னு யாராவது கொண்டுட்டு வந்தா, முதல்ல இறக்கத்துல தள்ளிவிட்டு, கிளப்பி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். வண்டி ஓடுதா இல்லையான்னு தெரியணுமாம். திரும்பி வந்து ஒரு உதை உதைப்பார். டக்குனு கிளம்பும். 'நல்லாத்தானே கிளம்புது, போ'ம்பார். அந்த ஊர்ல பாதிப்பேரு இன்னும் வண்டியைத் தள்ளிட்டுத்தான் போறாங்க."

மானே சாஹேப் சிரித்தார். நானும் சிரித்தேன். தாயி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

சௌகுலே, சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பதறினார். தாயி கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் அறைக்குத் திரும்பிப் போனார். கணினியை அணைத்துப் போட்டார். திரை வந்ததும் அவருடைய கை தானாகவே கூட்டெண் கட்டளையை அடிக்கப் போனது. எட்டு வருடப் பழக்கம். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, "சௌகுலே, நீங்க திறங்க. தினமும் காலையில எப்படித் திறப்பீங்களோ அப்படி" என்றார்.

படம் திறந்தது. தெற்கு ஓரம் முழுக்க மிளகுப்பொடி.

தாயி சிரிக்க ஆரம்பித்தார். மானே சாஹேபுக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டி கெட்டிருக்கிறது என்று தெரிந்து அதை விற்றவரே சந்தோஷப்படுவதை அவர் அதுவரை பார்த்ததில்லையாம்.

நடந்தது இதுதான். ஒரு கோப்பைப் படிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, 'படித்துக் கொடு' என்று நேராகக் கேட்பது. டிரைவர் வட்டிலிருந்து வரிசையாகப் பக்கம் பக்கமாக எடுத்து, பூட்டைத் திறந்து கொடுத்துவிடும். கூட்டெண் அப்படித்தான் படிக்கிறது. இன்னொன்று, முழுக் கோப்பும் நினைவகத்தில் விரித்து வைத்திருப்பதாகப் பாவித்துக்கொள்வது. உண்மையில் அங்கே ஒன்றும் இருக்காது. நிரல் எந்தப் பக்கத்தைத் தொடுகிறதோ அந்த ஒரு பக்கத்தை மட்டும் டிரைவர் அப்போது கொண்டுவந்து வைக்கும். பெரிய படங்களைக் காட்டும் நிரல்களுக்கு இது வசதி. பார்க்கிற மூலையை மட்டும் கொண்டுவந்தால் போதும். சௌகுலேயின் நிரல் அந்த ரகம்.

இரண்டு வழிக்கும் டிரைவரில் தனித்தனிப் பகுதி. பழுது இருந்தது இரண்டாவது பகுதியில்.

அப்படியானால் எங்களுக்கு ஏன் தெரியவில்லை? எந்த வழியாக வந்தாலும், ஒரு தடவை கொண்டுவந்த பக்கத்தைக் கணினி உடனே தூக்கிப் போடாது. நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அடுத்து யார் கேட்டாலும் அதையே நீட்டும். நாங்கள் முதலில் கூட்டெண் போடும்போது முழுப் படமும் நல்ல வழியாக, சரியாகப் பூட்டுத் திறந்து, நினைவகத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிறகு படத்தைத் திறந்தால் தயாராக இருக்கிற நல்ல பக்கங்களே கிடைக்கின்றன. கெட்ட பகுதிக்கு வேலையே வருவதில்லை. சாயங்காலம் சௌகுலே படத்தை ஒட்டி முடித்தபோதும் பக்கங்கள் நினைவகத்தில் சூடாக இருந்தன. இரவு கணினியை அணைத்ததும் எல்லாம் போய்விட்டது. காலையில் வண்டி குளிரில் நிற்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், பழுதைத் தேடுவதற்கு முன்பே ஒவ்வொரு தடவையும் அதைச் சரிசெய்துவிட்டுத் தேடியிருக்கிறோம்.

மீதியைக் கண்டுபிடிக்கத் தாயிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. எடைமேடையில் லாரிகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, மடிக்கணினியில் அந்தப் பகுதியை வரி வரியாகப் படித்தார். ஒரு பக்கத்தின் பூட்டைத் திறக்க அது கோப்பில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தெரியவேண்டும். அந்த இடத்தைக் குறிக்கும் எண்ணை வைக்க ஒதுக்கிய பாத்திரம் சிறியது. நாலு ஜி.பி. வரை தாங்கும், அதற்கு மேல் போனால் வழிந்து, எண் மறுபடி சைபரிலிருந்து தொடங்கும். ஐந்து ஜி.பி. படத்தின் கடைசி ஐந்தில் ஒரு பங்குக்குத் தப்பான இடத்தின் சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறது. அந்தக் கடைசிப் பங்குதான் தெற்கு ஓரம். அந்தப் பகுதியை எழுதியவர் இப்போது கனடாவில் இருக்கிறார். அவர் எழுதிய காலத்தில் இவ்வளவு பெரிய கோப்பு எங்கள் வாடிக்கையாளர் யாரிடமும் இல்லை.

திருத்தம் ஒரே ஒரு வரி. வெள்ளிக்கிழமை புனேயில் நாங்கள் சோதித்தோம். முதலில் கணினியை அணைத்துப் போட்டு, ஒன்றும் செய்யாமல் படத்தைத் திறப்பது, அதன் பிறகுதான் கூட்டெண் என்று வரிசையைத் தாயியே மாற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு தடவை திறந்தோம். பன்னிரண்டு தடவையும் நாற்பத்தோரு வயல்களும் இருந்தன.

ஆனால் சௌகுலேயின் வேலை அதனால் மட்டும் தப்பிவிடவில்லை. மானே சாஹேப் கண்ணால் பார்த்தது அவரோடு சரி. ஆலைக் குழுவின் கையில் இருந்தவை 'பழுது இல்லை' என்ற இரண்டு கடிதங்கள். மூன்றாவது கடிதத்தை லிமயே எழுதி வைத்திருந்தார். "புதிய பதிப்பில் பெரிய படங்களைத் திறக்கும் அனுபவம் மேலும் மேம்படுத்தப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

தாயி அதை நின்றபடியே படித்தார். அவர் கண் சுருங்கியதைப் பார்த்து நாங்கள் வேலை செய்வதுபோல் குனிந்துகொண்டோம்.

"லிமயே, இதைப் படிச்சா அவங்க என்ன நினைப்பாங்க? முன்னாடியும் நல்லாத்தான் இருந்துது, இப்ப இன்னும் நல்லா இருக்குன்னுதானே? அப்ப சௌகுலே சொன்னது பொய்னு ஆகுது."

லிமயேவும் தாயியும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அதனால் அவர் குரலை உயர்த்தவில்லை. பழுது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் மற்ற வாடிக்கையாளர்களும் கேட்பார்கள் என்றார்.

"கேக்கட்டும். அவங்க பெட்டியிலயும் இதேதானே இருக்கு? அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும்."

"சரி, எழுதினவன் கனடாவுல இருக்கான். பழைய ஊழியர் ஒருத்தரோட தவறுன்னு போட்டுக்கலாமே. உனக்கும் கெட்ட பேர் இல்ல."

"தப்பா எழுதினது அவன். எட்டு வருஷமா யாரும் அதைக் கண்டுபிடிக்காம பார்த்துக்கிட்டது நான். ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டதும் நான்தான். என் பேரைப் போடு."

லிமயே பேனாவை மேசையில் போட்டார். பிறகு, நீயே எழுதிக் கொடு, ஆனால் உன் அட்டைகளில் எழுதுவதுபோல் எழுதிவிடாதே என்றார். தாயி அந்த நிபந்தனையைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. கடிதம் இப்படி இருந்தது:

"எங்கள் முந்தைய இரண்டு கடிதங்களும் தவறு. திரு. ரணஜித் சௌகுலே சொன்னது முழுக்கச் சரி. படத்தின் தெற்கு ஓரம் எங்கள் பெட்டியால்தான் கெட்டது. நாங்கள் சோதித்த முறையும் தவறு, அந்த முறையை வகுத்தது நான். பழுதைக் கண்டுபிடிக்க வழி காட்டியவரும் திரு. சௌகுலேதான். அவர் தெற்கு ஓரத்தில் ட்ரோனைப் பறக்கவிட்டார் என்பதற்கு அந்தப் படமே சாட்சி. நாய்களிடமும் விசாரித்துக்கொள்ளலாம். நீலிமா பெண்ட்ஸே."

நாய்களை எடுத்துவிடும்படி லிமயே கெஞ்சினார். தாயி எடுக்கவில்லை. சனிக்கிழமை கடிதமும் திருத்தமும் ஒன்றாகப் போயின. அடுத்த சில நாட்களில் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் திருத்தம் போனது. நாலு பேர் கோபமாகக் கூப்பிட்டார்கள். நாலு பேரிடமும் தாயியே பேசினார்.

செவ்வாய்க்கிழமை சௌகுலே கூப்பிட்டார். தாயி ஒலிபெருக்கியில் போட்டார். குழுவில் மானே சாஹேப்தான் எழுந்து கடிதத்தை வாசித்தாராம். நாய்கள் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு யாருக்கும் சாங்லி ஆட்களைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. இந்தப் பருவமும் அடுத்த பருவமும் சௌகுலேவுக்கே என்று எழுதிவிட்டார்கள்.

"ஒரே ஒரு சிக்கல் தாயி" என்றார் சௌகுலே. "மானே சாஹேப் இனிமே ட்ரோனைத் தெற்கிலிருந்துதான் ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டார். இன்னிக்கு மழை வந்து பாதியில நிறுத்தினேன். இப்ப வடக்கு ஓரத்து வயல்காரங்க வந்து உக்காந்துட்டாங்க, எங்க வயல் எங்கேன்னு."

அது பெட்டியின் கோளாறு இல்லை என்று தாயி சொன்னார். அப்படியே எழுதித் தரமுடியுமா என்று சௌகுலே கேட்டார்.